குண்டம்மாவில் இன்ஜின் ஓடாத நாட்கள்

மே 5, ஞாயிறு

இன்றைக்கும் இவர் விடியற்காலையிலேயே பெட்ரோல் வரிசையில் போய் நின்றார். கேனில் ஊற்றித் தர மாட்டோம், வண்டி டேங்கில் மட்டும்தான் என்று பங்க்கில் பலகை மாட்டியிருக்கிறார்கள். அதனால் ஸ்கூட்டரில் நிரப்பிக்கொண்டு வந்து, வாசலில் குந்தி, ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக் கேனுக்கு மாற்றினார். வாயெல்லாம் பெட்ரோல். கொப்புளித்தார், துப்பினார், மறுபடியும் கொப்புளித்தார். விலை ஏறிய ஏற்றத்தில் ஊரே வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடந்து போகிறது. எங்கள் வீட்டு மகாராஜாவுக்கு ஏரியில் படகு ஓட்ட வேண்டும்.

கோபம் வந்தது. ஆனால் கோபத்தைவிட 'ஏன்' என்பதுதான் என்னைப் பிடுங்கித் தின்கிறது. புதுச் சட்டை வாங்கச் சொன்னால் "இருக்கிறதே போதும்" என்கிற மனுஷர் இவர். செருப்புக்கு மூன்றாவது தடவை தையல் போட்டிருக்கிறார். இந்தப் படகுக்கு மட்டும் ஏன் இப்படி?

போனோம். படகுக்குக் குண்டம்மா என்று பெயர் வைத்தது மகள். அகலமும் அசைவும் அப்படி. இவர் பின்னால் இன்ஜின் பக்கத்தில், நான் முன்னால், காற்று முகத்தில் அறைகிறது. இன்ஜின் போடுகிற சத்தத்தில் பேச முடியாது. அச்சகத்தில் மெஷின் ஓடும்போது தொழிலாளிகள் கையாலேயே பேசிக்கொள்வார்களாம். முஷ்டி என்றால் நிறுத்து, உள்ளங்கையை வயிற்றில் வைத்தால் சாப்பாடு, இரண்டு விரல் என்றால் தாள் தீர்ந்துவிட்டது. இவர் அங்கே இருபத்திரண்டு வருடமாக மெஷின் ஓட்டுகிறவர். அந்தக் கை பாஷையைத்தான் படகிலும் பேசுகிறோம். இரண்டு விரல் காட்டினால் எங்களுக்கு ஆரஞ்சுப் பழம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இவர் படகில் சிரித்தார். வாய்விட்டு. வீட்டில் இவர் கடைசியாகச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

மே 7, செவ்வாய்

பெட்ரோல் மறுபடியும் ஏறிவிட்டது. இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

மே 9, வியாழன்

நல்ல செய்தி வந்து கெட்ட செய்தியாக முடிந்த நாள்.

அச்சகத்துக்குத் தாள் லாரி ஒழுங்காக வருவதில்லை, டீசல் இல்லை. இனி எல்லா மெஷினும் எல்லா நாளும் ஓடாது. முதலாளி இவரைக் கூப்பிட்டு, "நீங்க முன்னாடி கவுண்டருக்கு வந்திடுங்க. ஆர்டர் எடுக்கணும், போன்ல பேசணும், அவ்வளவுதான்" என்றிருக்கிறார். நாற்காலி, ஃபேன், மை படாத சட்டை! எனக்கு வாயெல்லாம் பல்.

இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"ஏங்க?"

"எனக்கு மெஷின்தான் சரி."

"மெஷின்தான் ஓடாதுங்கிறாங்களே!"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். கதவுக்கு வெளியே நின்று கத்தினேன். தண்ணீர் விழுகிற சத்தம்தான் பதில். மாதக் கடைசிக்குள் முடிவைச் சொல்ல வேண்டுமாம். மெஷினில் இருக்கிற மூன்று பேரில் ஒருவர் எப்படியும் போயாக வேண்டும். கவுண்டருக்கு இவர் போகாவிட்டால் வேலையை விட்டே போகப்போவது யார்?

மே 12, ஞாயிறு

ஊரில் சொட்டுப் பெட்ரோல் கிடையாது. மூன்று பங்க் அலைந்துவிட்டு, பேயறைந்த மாதிரி வந்து உட்கார்ந்தார்.

"பெஞ்சுக்கு அடியில துடுப்பு இருக்குல்ல? போட்டுக்கிட்டுப் போலாம்" என்றேன்.

"அதெல்லாம் வேணாம்."

வேண்டாம் என்று சொன்னால் நான் விட்டுவிடுவேனா? ஆறு வருடமாக அந்த ஏரிக்குப் போகிறேன், ஏரிக்கு என்ன சத்தம் என்று எனக்குத் தெரியாது. கேட்டே தீர வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்தார்.

துடுப்புகளுக்கு வாங்கிய நாளில் சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடக் கிழிபடவில்லை. நான் கிழித்தேன், மாட்டினேன், தனியாக ஏறினேன். குண்டம்மா இருந்த இடத்திலேயே வட்டமடித்தாள். பக்கத்துப் படகில் அட்மிரல் டீ குடித்துக்கொண்டிருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தப் படகுத் துறையிலேயே பெரிய படகு அவருடையது, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைத் தொப்பி, ஆகவே அட்மிரல். பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததிலிருந்து கட்டிக் கிடக்கிற படகில் ஏறி உட்கார்ந்து, டீ குடித்து, இறங்கி வீட்டுக்குப் போகிறார்.

"ஏம்மா, ரங்கராட்டினமா? நானும் ஏறிக்கட்டுமா?"

மானம் போகிறதே என்று இவர் குதித்து ஏறினார். "நகரு."

துடுப்புப் போடுகிறவர் போகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எவன் கண்டுபிடித்தானோ! இவர் நடுவில் உட்கார்ந்து பின்பக்கம் பார்க்க, நான் வழக்கம்போல முன்னால் என் இடத்தில். அதாவது இவர் முதுகுக்குப் பின்னால். வழி பார்த்துச் சொல்வது என் வேலை.

கரையை விட்டு நகர்ந்ததும் — எவ்வளவு சத்தங்கள்! துடுப்பு முனையிலிருந்து நீர் சொட்டுகிறது. எதிர்க்கரையில் யாரோ பாய் தட்டுகிறார்கள், அது பக்கத்தில் தட்டுவது போலக் கேட்கிறது. "கேட்டீங்களா?" என்றேன். துடுப்புப் போட்டுக்கொண்டே இருந்தார்.

திரும்பி வரும்போதுதான் வினை. நேராக அட்மிரலின் படகை நோக்கிப் போகிறோம். "இடது!" என்றேன். "இடதுங்க! இடது!" தொண்டை கிழியக் கத்தினேன். இவர் ஜம்மென்று துடுப்புப் போடுகிறார். டமார். அட்மிரலின் டீ மொத்தமும் வெள்ளைக் கால்சட்டையில்.

"தம்பி! இவ்வளவு பெரிய ஏரியில என் படகுதான் கெடச்சுதா?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "உன் இடதா, என் இடதா, சொல்ல வேணாமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு தோன்றுகிறது — தப்பான பக்கம் திருப்பியிருந்தால் அந்தச் சாக்கு சரி. இவர் எந்தப் பக்கமும் திருப்பவே இல்லையே?

மே 14, செவ்வாய்

இன்று நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடைக்கு ஒரு டாக்சி டிரைவர் வந்தார், மனைவியோடு. கண் பரிசோதனைக்கு உட்கார வைத்தேன். பலகையில் பெரிய எழுத்திலிருந்து கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தார். பாவம், நான் காலையில்தான் பலகையை மாற்றியிருந்தேன். அவர் ஒப்பித்தது பழைய பலகை.

மனைவி எதிரில் காட்டிக்கொடுக்கவில்லை. அப்படிக் காட்டிக்கொடுத்தால் அவர்கள் திரும்பி வரவே மாட்டார்கள், இது இத்தனை வருடத்தில் கற்றுக்கொண்டது. "இன்னொரு தடவை பார்ப்போமா?" என்று மெதுவாகக் கேட்டேன். அந்த முகத்தில் இருந்தது திருட்டுத்தனம் இல்லை, பயம்.

இப்படி மனப்பாடம் பண்ணி வருகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பேன் என்றால், கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார்கள்.

இதை எழுதும்போதே என்னவோ உறுத்துகிறது. நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் "ம்" சொல்கிறவர் ஒருவர் இந்த வீட்டிலும் இருக்கிறார்.

மே 15, புதன்

சோதனை செய்தேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் செய்தேன்.

இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் அலமாரியைத் துடைத்துக்கொண்டே சாதாரணக் குரலில், "சீனி டப்பா தீர்ந்துபோச்சு" என்றேன். பதில் இல்லை. கொஞ்சம் பக்கத்தில் வந்து, "மாடி வீட்டுக்காரர் மொட்டை போட்டிருக்காரு" என்றேன். இல்லை. அப்புறம் வாயில் வந்தது, "நான் வேற கல்யாணம் பண்ணிக்கப் போறேங்க."

அந்த நேரம் பார்த்துத் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார். "ம், சரி" என்றார்.

அடுப்படிக்கு ஓடிப்போய் வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாகிவிட்டது.

மே 16, வியாழன்

மகள் விடுதியிலிருந்து கூப்பிட்டாள். போன் இவர் பக்கத்தில்தான் இருந்தது. எடுத்து அப்படியே என்னிடம் நீட்டினார். எப்போதும் அப்படித்தான். மகளோடு பேச இவருக்குக் கூச்சம் என்று நினைத்திருந்தேன்!

வெளியே போய்க் கேட்டேன், "அப்பாவுக்குக் காது கேக்குதாடி?"

"அம்மா, உனக்குத் தெரியாதா? நான் அப்பாகிட்ட மெசேஜ்லதானே பேசுறேன். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து மறைக்கிறீங்கன்னுல்ல நெனச்சேன்."

எனக்குத் தெரியாதா. எனக்குத் தெரியாது. ஊரான் கண்ணில் தூசி இருந்தால்கூடக் கண்டுபிடிப்பேன், கூடப் படுத்து எழுந்திருக்கிறவர் காது எனக்குத் தெரியாது!

அப்போதுதான் படகு புரிந்தது. அடப்பாவி மனுஷா. இன்ஜின் போட்டா யாருக்குமே காது கேக்காது. எனக்கும் கேக்காது. அங்க நானும் நீயும் ஒண்ணு. கையாலதான் பேசணும், அதுல நீதான் ராஜா. அதுக்காகவா வாய் நிறையப் பெட்ரோலைக் குடிச்சே? அதுக்குத்தான் வாராவாரம் வரிசையில நின்னியா? கவுண்டர் வேணாம்னதும் இதுக்குத்தானே — போன் எடுக்கணுமே, வர்றவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் பேசுவானே. வேலை போனாலும் பரவாயில்ல, சொல்ல மாட்டியா? எங்கிட்டகூடவா?

மே 18, சனி

இரண்டு நாளாக நாக்கு நுனி வரை வருகிறது. விழுங்கிவிடுகிறேன். டாக்சி டிரைவரின் முகம் கண்முன் வந்து நிற்கிறது. கேட்டுவிட்டால் இவர் எழுந்து குளிக்கப் போய்விடுவார். இவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பார்?

நாளை மறுபடியும் துடுப்புப் போடலாம் என்றேன். முகத்தைப் பார்த்துச் சொன்னேன், நிறுத்தி நிதானமாக. "அட்மிரல் அடிப்பாரு" என்றார்.

பதில் வந்தது! முகத்தைப் பார்த்துச் சொன்னால் வருகிறது.

மே 19, ஞாயிறு

இன்று நான் என் வழக்கமான இடத்தில் உட்காரவில்லை. பின்னால், இன்ஜினுக்கு அருகில், இவருடைய இடத்தில் உட்கார்ந்தேன். இவருக்கு எதிரே, முட்டியோடு முட்டி இடிக்க. இவருக்கு வழி தெரியாது, எனக்குத் தெரியும். ஆகவே என் முகத்தையே பார்க்க வேண்டும். இடது என்றால் இவர் இடது என்று பேசி வைத்துக்கொண்டோம்.

அட்மிரல் எங்களைக் கண்டதும் டீக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஏரி நடுவில் வந்தோம். பேசினோம். மகளின் படிப்பு, மாடி வீட்டுக்காரரின் நாய், அச்சகத்தில் ஒருவர் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரையே விட்டுவிட்டு அடித்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நான் சிரித்தால் சிரித்தார். இவர் இப்படி வார்த்தை வார்த்தையாகப் பேசிக் கேட்டு எத்தனை காலம்! போதும், சோதனையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியது.

ஆனால் வீட்டிலேயே ஒரு திட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தேன், தொப்பியால் வாயை மூடிக்கொண்டு ஒரு கேள்வி கேட்பது என்று. தொப்பியைக் கழற்றினேன். தூக்கினேன். கை பாதியில் நின்றுவிட்டது, மடியில் போட்டுவிட்டேன்.

இவர் துடுப்பை நிறுத்தினார்.

"மூடிக்கோ" என்றார்.

"என்னது?"

"வாயை மூடிக்கிட்டுப் பேசு. அதுக்குத்தானே எடுத்தே?"

மூடிக்கொண்டேன். என்ன சொல்வதென்று தெரியாமல், புதன்கிழமை சொன்ன அதே வேற கல்யாணத்தைச் சொன்னேன். என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார், இல்லை என்று.

"ஒண்ணும் இல்ல. கொசு பறக்குற மாதிரி. இடது காது மொதல்ல போச்சு. இப்ப இதுவும்."

தொப்பியை இறக்கினேன். "எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீ கத்திப் பேசுவே. அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். முதலாளிக்குத் தெரியும். அப்புறம் ஒரு நாள் நீ பேசுறதையே நிறுத்திடுவே. எதுக்குக் கத்திக்கிட்டுன்னு."

"யாரு? நானா? நான் பேச்சை நிறுத்துவேனா?"

சிரித்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது, அதனால்தான் வழி பார்க்கவில்லை. குண்டம்மா தானாக நகர்ந்து போய்க் கோரைப் புல்லுக்குள் மூக்கை நுழைத்துவிட்டாள். துடுப்பைப் போட்டால் சேறுதான் வருகிறது. இவர் முழங்கால் வரை இறங்கித் தள்ளினார். தள்ளிக்கொண்டே கேட்டார், "தொப்பிக்குள்ள என்னதான் சொன்னே?"

"காது கேக்கும்போது சொல்றேன்."

மே 22, புதன்

காது பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறை. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றாள் பரிசோதிக்கிற பெண். இவர் டக்டக்கென்று அழுத்துகிறார். எனக்குச் சந்தேகம். எழுந்து போய்ப் பார்த்தால் — கண்ணாடியில் அவள் கை அசைவது தெரிகிறது. அவள் கை நகர்ந்தால் இவர் அழுத்துகிறார்! யாரிடம்? கண் பலகையோடு குடித்தனம் நடத்துகிறவளிடமா?

"திரும்பி உக்காருங்க" என்றேன். பள்ளிப் பையன் மாதிரித் திரும்பி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு பொத்தான் சத்தமே இல்லை. ரொம்ப நேரம் இல்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கருவி போட்டால் பெரிய அளவுக்குக் கேட்கும் என்றாள். கொஞ்ச நாள் போட்டுப் பாருங்கள், பிடித்தால் பணம் கட்டுங்கள் என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறாள்.

மே 23, வியாழன்

நான் அப்பளம் மாதிரி நொறுங்குகிற தாளில் ரொட்டியைச் சுற்றினேனாம், தலையில் தகரம் விழுந்தது மாதிரி இருந்ததாம். கருவியைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டார்.

மே 25, சனி

டம்ளரில்.

மே 28, செவ்வாய்

இன்று காலை நான் சொல்லாமலே போட்டுக்கொண்டார். மதியம் சமைத்துக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து கேட்கிறார், "நீ பாடுவியா?"

"எப்பவும் பாடுறேனே."

"இப்படியா?" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இதுவரை சொல்லவில்லை.

மே 31, வெள்ளி

மாதக் கடைசி. காலையில் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டார். "சொல்லிடவா?" என்றார். "சொல்லிடுங்க." "வேலையை விட்டுப் போகச் சொல்லிட்டா?" "குண்டம்மாவ வாடகைக்கு விடுவோம். நீங்க துடுப்பு, நான் டிக்கெட்." சிரிக்கவில்லை. போனார்.

கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு அம்மாவுக்கு அவர் கணவருடைய கண்ணாடியை மாட்டிவிட்டேன்.

சாயங்காலம் வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார். அப்புறம்தான் சொன்னார். முதலாளியும் ஒரு காலத்தில் மெஷின் ஓட்டியவர்தான். இவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாராம். முதலாளி தன் வலது காதைத் தொட்டுக் காட்டி, "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க, அந்தக் காது எனக்கு ஆகாது" என்றாராம்.

இரண்டாவது தடவை முழுக்கச் சொன்னாராம்! மனுஷர் வீட்டில் ஆறு வருடமாக ஒரு தடவைகூடச் சொல்லாததை.

கவுண்டரில் ஒரு மாதம் பார்க்கலாம், நேரில் வருகிறவர்களை இவர் கவனிக்கட்டும், போனைக் கணக்கெழுதுகிற பெண் எடுப்பாள் என்று ஏற்பாடு. ஒரு மாதம்தான். அதற்குப் பிறகு தெரியாது.

ஜூன் 6, வியாழன்

தலைவலியோடு வந்தார். ஃபேன் இரைச்சல், நாற்காலி இழுக்கிற சத்தம் எல்லாம் சேர்ந்து மண்டையைக் குடைகிறதாம். ஒருவர் சொன்ன எண்ணிக்கையை மூன்று தடவை கேட்டாராம், அவர் முறைத்தாராம். ஆனாலும் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைச் சேர்க்கச் சொல்லி ஒரு வீட்டாரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதைச் சொல்லும்போது நெஞ்சு ஒரு விரல்கடை நிமிர்ந்திருந்தது.

ஜூன் 14, வெள்ளி

பெட்ரோல் வந்துவிட்டது. விலை இறங்கவில்லை, வரிசை மட்டும் இல்லை. அட்மிரல் இரண்டு டேங்க்கையும் நிரப்பிவிட்டாராம்.

இவர் இன்ஜினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பழையபடி ஆரம்பித்துவிடுவாரோ?

ஜூன் 19, புதன்

இன்ஜினை விற்றுவிட்டார். காதுக் கருவிக்குப் பணம் கட்டியாயிற்று. இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற இன்ஜின் ஒரு கடலைப் பருப்பு அளவுக்கு இளைத்து இவர் காதுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

ஜூன் 23, ஞாயிறு

பின்பக்கம் பாரம் இல்லாமல் குண்டம்மா ஒயிலாக நிற்கிறாள். அட்மிரல் தன் படகில் ஏரியையே இரண்டாகக் கிழித்துக்கொண்டு போனார், கையாட்டினார். அவர் எழுப்பிய அலையில் நாங்கள் குலுங்கினோம். இவர் முகத்தைச் சுளித்தார். "காதுக்குள்ள லாரி ஓட்டுறாரு இந்த மனுஷர். நானும் இப்படியா சத்தம் போட்டேன்?"

அட்மிரல் தூரத்தில் போனதும் ஏரி அடங்கியது. எனக்கு ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. எழுந்து, படகு ஆட ஆட, இவரைத் தாண்டி முன்னால் போய் என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். இவர் முதுகுக்குப் பின்னால்.

"அங்க என்ன?" என்றார், திரும்பாமல்.

"சும்மா."

கொஞ்ச தூரம் போனோம். கத்தாமல், அடுப்படியில் பேசுகிற குரலில், "இடது" என்றேன். குண்டம்மா இடது பக்கம் திரும்பினாள்.

அப்புறம், தொப்பியை எடுத்து வாயை மூடிக்கொண்டேன். "நான் வேற கல்யாணம் பண்ணிக்கப் போறேங்க" என்றேன்.

துடுப்பு நின்றது. முனையிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

"மாப்பிள்ளைக்குத் துடுப்புப் போடத் தெரியுமான்னு கேட்டுக்கோ" என்றார். "எனக்குக் கை வலிக்குது."